இரண்டு முறை வந்த யாழ்ப்பாணம்

பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜாலான் துன் சம்பந்தனோடு நின்றுவிடுகிறார்கள். மாலை கட்டும் கடைகள், புடவைக் கடைகள், வாழை இலைச் சாப்பாடு, கிளி ஜோசியர், நாலு கடைக்கும் சேர்த்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கி. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் சேர்ந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா அதுதான். நான் போனது இந்தியாவைப் பார்க்க அல்ல. அந்த வீதியிலிருந்து கிளை பிரியும் சின்னச் சின்ன ரோடுகளில் ஓர் இலங்கை இருக்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட போர், அங்கே இன்னும் யார் யாரை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

கேஎல் சென்ட்ரலை விட்டு வெளியே வரும்போதே கதை தொடங்கிவிடுகிறது. இன்று கண்ணாடியும் ஏசியுமாகப் பளபளக்கும் அந்த நிலையம் நிற்கிற இடம் முன்பு ரயில்வே யார்டு. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் கூடாவுக்கு முதல் ரயில் ஓடியது. ரயில் ஓடினால் மட்டும் போதுமா? டிக்கெட் கொடுக்க, கணக்கெழுத, தந்தி அடிக்க, ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார ஆள் வேண்டும். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த, வெள்ளைக்காரனைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வருகிற ஆள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனும் வெஸ்லியன் மிஷனும் நடத்திய பள்ளிகளிலிருந்து அப்படிப்பட்ட இளைஞர்கள் வருஷா வருஷம் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் உத்தியோகம் இல்லை. இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு 1890களில் சிலாங்கூருக்கு வந்த ஸ்பூனர் என்ற எஞ்சினியர் பின்னாளில் ரயில்வேயின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். தனக்குப் பழக்கமான ஊர்க்காரர்களை அவர் இழுத்துக்கொண்டார். அண்ணன் தம்பியை அழைத்தான், தம்பி மைத்துனனை அழைத்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைந்தது அப்படித்தான்.

அவர்கள் அனுப்பிய மணியார்டரில் யாழ்ப்பாணத்தில் கல்வீடுகள் எழுந்தன. 'மலாயன் பென்சனியர்' என்றால் அங்கே ஒரு தனி மரியாதை. கையில் குடை, மாதம் பிறந்தால் வருகிற பணம், பேச்சில் நடுநடுவே மலாய்ச் சொல். இன்னொன்றும் உண்டு. தந்தை செல்வா என்று ஈழத்தமிழர்கள் கொண்டாடும் செல்வநாயகம் பிறந்தது ஈப்போவில், 1898இல். 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி, கால் நூற்றாண்டு அகிம்சை வழியில் போராடி, கடைசியில் 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு என்ற தீர்மானத்துக்குத் தலைமை தாங்கியவர், மலாயா மண்ணில் பிறந்த பிள்ளை. போர் இங்கே வந்து சேர்ந்தது என்கிறோம். அதன் முன்கதையில் ஒரு துண்டு இங்கிருந்தும் போயிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தான் இல்லை. என் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்குப் பால்வெட்ட வந்தவர். தோட்டத்து ஆட்களுக்கு 'சிலோன்காரர்' என்றால் ஆபீஸில் உட்கார்ந்து பெயரடிக்கிற கிராணி. ஒரே மொழி பேசினாலும் அவர் வீட்டு வாசலுக்கு நாம் போனது கிடையாது, நம் லயத்துக்கு அவர் வந்தது கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இரண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டம். இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியாகாது.

துன் சம்பந்தன் வீதியிலேயே விவேகானந்தா ஆசிரமம் இருக்கிறது. 1904இல் யாழ்ப்பாணத்து ரயில்வேக்காரர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் எழுப்பிய வெள்ளைக் கட்டடம், முன்னால் விவேகானந்தர் சிலை. சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டதால் ஏதோ குள்ளமாகத் தெரிகிறது. 2014இல் இங்கேயும் ஓர் உயரமான குடியிருப்பு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பி, எதிர்ப்பு வலுத்து, 2016இல் கட்டடம் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இந்த வட்டாரத்தில் 1938இல் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த பையன்தான் மெக்சிஸ் தொலைபேசி, அஸ்ட்ரோ தொலைக்காட்சி என்று வளர்ந்த ஆனந்த கிருஷ்ணன். 2024 நவம்பரில் காலமானார். முதல் யாழ்ப்பாணம் இந்த நாட்டில் எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதற்கு அந்த ஒரு பெயர் போதும்.

அங்கிருந்து ஜாலான் பெர்ஹாலாவுக்குத் திரும்பினால் இந்த வட்டாரத்தின் ஆச்சரியம் நிற்கிறது. புத்த மகா விகாரை. 1894இல் கோலாலம்பூர்ச் சிங்களவர்கள் தொடங்கிய சங்கத்தின் கோயில். அவர்களும் அதே கப்பல்களில், அதே மாதிரி உத்தியோகத்துக்கு வந்தவர்கள்தான். விசாகத்தன்று இங்கிருந்து கிளம்பும் ஊர்வலத்தைப் பார்க்க நகரமே கூடும். ஸ்காட் ரோட்டில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயிலுக்கு இங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ஒரு தீவில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒருவரை ஒருவர் கொன்று குவித்த இரண்டு இனங்களின் கோயில்கள், இந்த ஊரில் ஒரே நாசி லெமாக் கடையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் போனது வேலைநாள் மத்தியானம். போதி மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாம் தலைமுறைச் சிங்களவர். சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்றார். ஆனால் தமிழ், அசல் பிரிக்பீல்ட்ஸ் தமிழ், சரளமாக வந்தது.

"எம்பத்திமூணுல கொழும்பு பத்திக்கிட்டு எரியுதுன்னு பேப்பர்ல பார்த்ததும் எங்கப்பா கேட்டைப் பூட்டிட்டாரு. இங்கேயும் ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம். ஒண்ணும் ஆகல. பக்கத்து வீடு யாழ்ப்பாணத்து டீச்சர். அந்தத் தீபாவளிக்கும் பலகாரத் தட்டு வந்துச்சு. ஆனா அந்த ஆன்ட்டி உள்ள வரல. வாசல்லயே கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கு முன்னாடி உள்ள வந்து உக்காந்து பேசிட்டுத்தான் போவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ரொம்ப நாள் அப்படித்தான். சண்டை இல்ல. பேச்சு கொறஞ்சிச்சு."

இங்கே ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். மலேசியத் தண்ணீர் எல்லாரையும் நல்லவர்களாக்கிவிடும் என்று மேடையில் பேசுவார்கள். 1969 மே 13 இனக் கலவரத்தைப் பார்த்த ஊருக்கு அந்தப் பெருமை பொருந்தாது. எனக்குத் தோன்றிய காரணம் எளிது. இந்த ஊரில் சிங்களவருக்கும் தமிழருக்கும் எஜமான் ஒருவன். இருவருமே கைப்பிடி அளவு சிறுபான்மை. பங்கு போட நிலம் இல்லை, அரசாங்க மொழி எது என்ற சண்டையில் இருவருக்கும் இடமே இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட அங்கே ஒரு நாடாளுமன்றம் இருந்தது. இங்கே அவர்களுக்கு ஒரு விகாரை மட்டும் இருந்தது. பகையை வளர்க்க அதிகாரம் வேண்டும்.

அதற்காக உரசலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2016 செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச ஒரு மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. விமான நிலையத்தில் இலங்கைத் தூதர் இப்ராஹிம் சாஹிப் அன்சார் அடித்துக் காயப்படுத்தப்பட்டார். சிங்களவர்கூட அல்லாத, தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் தூதர், கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஈழத்துக்காக அடி வாங்கினார். அதை வீரம் என்று பேசிய நம்மவர்களையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில், நிர்வாகம் இன்றும் இலங்கைச் சைவர்களின் சங்கத்திடம். தோட்டத்துக் கோயில்களின் உடுக்கையும் ஆவேசமும் இங்கே கிடையாது. மேல்சட்டை இல்லாமல் வேட்டியும் விபூதியுமாக, நேரம் தவறாத யாழ்ப்பாண ஒழுங்கு. வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் டாக்டர், வக்கீல், கணக்காய்வாளர் என்று ஊகித்துவிடலாம். பக்கவாட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. முகம் அதே முகம், மொழி அதைவிடச் சுத்தமான யாழ்ப்பாணம். அவர்கள் தூணோரமாக நிற்கிறார்கள். முன்வரிசைக்கு வருவதில்லை.

கோயிலில் எனக்கு முன்பே பழக்கமான ஓர் அங்கிள் இருந்தார். (பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்தாரை 'ஐயா' என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள், அங்கிள்தான்.) ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. போரைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்று தெரிந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே காணி உறுதியின் நகல். தெல்லிப்பழையில் அவர் தாத்தா ரயில்வே பென்சனில் கட்டிய வீடு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து வெளிறியிருந்தது. எல்லைக் குறிப்பில் வடக்கே ஒழுங்கை, கிழக்கே யாரோ ஒருவரின் பனங்காணி.

"தொண்ணூறாம் ஆண்டு ஜூன்ல வலிகாமம் வடக்கிலிருந்து சனத்தை எழுப்பிட்டாங்கள். பலாலியைச் சுத்தி உயர் பாதுகாப்பு வலயம். அதுக்குள்ள போயிட்டுது எங்கட வீடும். பதினைஞ்சுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்கள். போய்ப் பார்த்தன். கிணறு இருந்தது. வீடு இல்லை."

"விற்கவில்லையா அங்கிள்?"

"யாருக்கு? பங்காளிகள் பதினொரு பேர். டொரன்டோ, லண்டன், சிட்னி, இங்க நான். ஒருத்தர் கையெழுத்துப் போட மாட்டன் எண்டுறார். போருக்கு முதல் இப்படி ஒரு காணி வழக்கு எண்டால் யாழ்ப்பாணக் கோட்டில அம்பது வருசம் போகும். இப்ப வாட்ஸ்அப்ல போகுது."

சிரித்தார். தூணோரம் நிற்பவர்களைக் கண்ணால் காட்டி, இவர்களோடு பேசுவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். கோயிலில் அன்னதானம் உண்டு, பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், சில பேருக்கு மருத்துவச் செலவும் பார்த்திருக்கிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் அவர் யார், எங்க இருந்தவர் எண்டு நாங்கள் கேக்கிறதில்லை. கேட்டால் எங்களுக்கும் கரைச்சல், அவருக்கும் கரைச்சல்."

அந்தக் கரைச்சலுக்குக் காரணம் இருக்கிறது. 2009 ஆகஸ்டில், போர் முடிந்து மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், விடுதலைப் புலிகளின் புதிய தலைவராகத் தன்னை அறிவித்திருந்த கே.பி. கோலாலம்பூரின் ஒரு ஹோட்டலில் பிடிபட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டார். 2014 மே மாதம் மூன்று இலங்கைத் தமிழர்கள் இங்கே கைதாகி, சில நாட்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐநா அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்பில் இருந்தவர்கள் அவர்கள். அந்த வருஷ நவம்பரில் விடுதலைப் புலிகள் இயக்கம் மலேசியாவின் பயங்கரவாதப் பட்டியலில் ஏறியது. 2019 அக்டோபரில் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் 12 பேர் பிடிபட்டார்கள், அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். இவர்கள் மலேசியக் குடிமக்கள். செல்போனில் இருந்த படங்களும் குற்றச்சாட்டில் இடம்பெற்றன. 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். வழக்கு போனது, பயம் போகவில்லை. ஐசி என்னும் அடையாள அட்டை வைத்திருப்பவனுக்கே இந்தக் கதி என்றால் ஐசி இல்லாதவன் என்ன செய்வான்? ஸ்காட் ரோட்டில் நான் பேசிய ஓர் இளைஞன் சொன்னான்: அந்தக் கைதுகள் நடந்த வாரம் அவன் போனிலிருந்த எல்லாப் படத்தையும் அழித்துவிட்டானாம். இறந்துபோன அண்ணனின் படம் உட்பட. அண்ணன் அதில் சீருடையில் இருந்தான். வேறு படம் இல்லை.

கோயிலிலிருந்து பார்த்தால் ஜாலான் சையத் புத்ராவுக்கு அப்பால் மேடு தெரிகிறது. அங்கே புக்கிட் பெட்டாலிங்கில்தான் ஐநா அகதிகள் ஆணையத்தின் அலுவலகம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் இந்த நாட்டுச் சட்டத்தில் அகதி என்று ஒருவர் கிடையாது. பாஸ் உள்ளவன், பாஸ் இல்லாதவன், அவ்வளவுதான். ஐநா கொடுக்கும் அட்டையை, 'யுஎன் கார்டு' என்று எல்லாரும் சொல்வதை, போலீஸ்காரர் பார்த்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார். விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்த அட்டையை வைத்து வேலை செய்ய அனுமதி இல்லை. அரசாங்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. நாட்டில் இப்போது பதிவான அகதிகளும் தஞ்சம் கோரியவர்களும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். பத்தில் ஒன்பது பேர் மியன்மார்க்காரர்கள். போர் முடிந்த சில வருஷங்களில் நாலாயிரத்துக்கு மேல் இருந்த இலங்கைத் தமிழர்கள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். சிலர் மூன்றாம் நாட்டுக்கு, சிலர் ஊருக்கு, சிலர் கடலுக்கு.

கடல் என்றால் ஆஸ்திரேலியா. 2011 ஜூலையில் ஆஸ்திரேலியாவும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த 800 பேரை மலேசியா ஏற்கும், பதிலுக்கு இங்கே பதிவான அகதிகள் 4,000 பேரை ஆஸ்திரேலியா எடுத்துக்கொள்ளும். அகதிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நாட்டுக்கு ஆளை அனுப்ப முடியாது என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. தீர்ப்பு வந்த தேதி ஆகஸ்ட் 31. இங்கே நாம் சுதந்திர தினமான மெர்டேக்காவுக்குக் கொடி பிடித்துக்கொண்டிருந்த நாள்.

பிற்பகல் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கிளம்பினேன். அப்துல்லா ஹுக்கும், பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, ஷா ஆலம், புக்கிட் பாடாக். யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்கள் பச்சைக்கொடி காட்டிய அதே தடம். கிள்ளானில் இறங்கி ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வந்தால் அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா. பிரிக்பீல்ட்ஸைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். அலங்கார வளைவும் நீரூற்றும் இல்லாமல் வியாபாரம் வியாபாரமாக நடக்கிற தெரு. ஸ்காட் ரோட்டு இளைஞன் கொடுத்த நம்பரை அழைத்தேன். ஒரு கடை மாடிக்கு வழி சொன்னார்கள். மாடியில் ஒரே வீட்டைப் பலகை அடித்து அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓர் அறையில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள்.

"இருங்கோ அண்ணை" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார் அந்தத் தங்கச்சி. வலிகாமத்தில் பிறந்தவர். 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததே, அந்த மழையில் தகப்பன் தோளில் போனதுதான் அவருடைய முதல் ஞாபகம். பிறகு கிளிநொச்சி. 2009இல் வட்டுவாகல் பாலம் தாண்டி மெனிக் பாம் முகாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கம்பி வேலிக்குள் இருந்த அந்த முகாமைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "தண்ணிக்கு வரிசையில நிண்டு நிண்டு, இப்பவும் எங்கையும் வரிசையைக் கண்டால் போய் நிக்கச் சொல்லும் மனசு."

2012இல் கணவரோடு விசிட் பாஸில் கோலாலம்பூர் வந்தார்கள். இங்கே தங்குவது திட்டத்திலேயே இல்லை. ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டான், இந்தோனேசியா போய்ப் படகு என்றான், இன்று நாளை என்றான். 2013 ஜூலையில் படகில் வருகிற யாருக்கும் இனி ஆஸ்திரேலியாவில் குடியிருக்க இடமில்லை என்று அந்த நாட்டுப் பிரதமர் அறிவித்தார். ஏஜென்டின் போன் அதோடு நின்றுபோனது. மூத்தவன் அப்போது வயிற்றில்.

கணவர் ஒரு கார் கழுவும் இடத்தில் வேலை. சம்பளத்தை நாள் கணக்கில் தருகிறார்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்ற அரசாங்க அறிவிப்பெல்லாம் அவரைத் தொடாது. ஒரு மாதச் சம்பளத்தை ஒரு முதலாளி தராமலே விட்டாராம். தமிழர்தான். புகார் கொடுக்க எங்கே போவது? வேலை செய்ததே குற்றம் என்றல்லவா முதலில் எழுதுவார்கள். போன் சிம் வேறொருவர் பெயரில். வங்கிக் கணக்கு இல்லை, பணம் தலையணை உறைக்குள். யுஎன் கார்டை வீட்டில் இரண்டு நகல் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அசலோடு வெளியே போகிறார். கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். படம், பெயர், பிறந்த தேதி, காலாவதி தேதி. ஓரம் பிரிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அந்தக் காலாவதி தேதியைத்தான் இந்த வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளின் பிறந்தநாளைச் சொல்வதுபோலச் சட்டென்று சொல்கிறார்கள்.

மூத்த பையன் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கிள்ளான் மருத்துவமனையில் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகன் அல்ல என்று அடித்திருக்கிறது. இலங்கைக் குடிமகனாகப் பதிய வேண்டுமானால் இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். யாரிடமிருந்து தப்பி வந்தோம் என்று ஐநாவில் எழுதிக் கொடுத்தார்களோ அவர்களிடமே போய்ப் பிள்ளையைப் பதியச் சொல்வதா? பதியவில்லை. ஆக, அவன் இப்போதைக்கு எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

நாட்டில் ஐநூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்து பல பள்ளிகள் மூடும் நிலையில் இருக்கின்றன என்று வருஷம் ஒரு முறை நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இந்தப் பையன் ஜன்னல் வழியாகத் தினம் காலையில் தமிழ்ப்பள்ளிச் சீருடையோடு போகும் பிள்ளைகளைப் பார்க்கிறான். அவன் போவது தொண்டர்கள் நடத்தும் ஒரு கற்றல் மையத்துக்கு. அங்கே ஆங்கிலமும் மலாயும் கணக்கும். தமிழ் அம்மா சொல்லிக்கொடுப்பதுதான். உலகத் தமிழ் மாநாடுகளை நடத்திய நாடு இது; இந்த ஒரு பிள்ளையை ஒரு தமிழ்ப்பள்ளிப் பெஞ்சில் உட்காரவைக்க வழியில்லை.

2009இல் நாம் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். கறுப்புச் சட்டை போட்டோம், மெழுகுவத்தி ஏற்றினோம், மகஜர் கொடுத்தோம். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்லமாட்டேன். கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு 2011இல் எழுதியபோது அதைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டவர்கள் நாம். ஆனால் செத்தவர்களுக்காக அழுவதற்கு யாரும் நம்மிடம் ஐசி கேட்கவில்லை. பிழைத்து வந்தவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க மட்டும் முதலில் கேட்பது "பாஸ் இருக்கா?" என்பதைத்தான். முதல் யாழ்ப்பாணம் வந்தபோது வெள்ளைக்காரனுக்குக் கிராணி தேவைப்பட்டான், அதனால் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, கோயிலுக்கு இடம் கிடைத்தது, பேரப்பிள்ளை டாக்டரானான். இரண்டாவது யாழ்ப்பாணத்துக்குத் தேவை இருந்தது, யாருக்கும் அதன் தேவை இருக்கவில்லை.

எதிர் அறையில் ஒரு ரோஹிங்யாக் குடும்பம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நடைவழியில் மலாயில் சண்டை போட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில், நீதிமன்றத் தடை இருந்தும் 1,086 பேரை மலேசியா கப்பலேற்றி அனுப்பியது. அந்த இரவு இரண்டு அறைக்காரர்களும் ஒரே அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். "அவையின்ட சண்டை என்ன, எங்கட சண்டை என்ன எண்டு இரண்டு பேருக்கும் விளங்காது அண்ணை. லொறிச் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு பேருக்கும் விளங்கும்."

ஊருக்குத் திரும்புவதைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்குள் அதுவே ஒரு சண்டை என்று தெரிந்தது. கணவர் போகலாம் என்கிறார். இவர் மாட்டேன் என்கிறார். கணவரின் தம்பி 2009இல் சரணடைந்தவர், அதன்பின் தகவல் இல்லை. மாமியார் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டப் பந்தலில் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். இப்போது முடியவில்லை, படுக்கை. "அங்க போனால் அந்தப் படத்தை நாங்கள்தான் பிடிக்கோணும். பிடிச்சால் ஆர் வந்து கேப்பான் எண்டு தெரியாது. பிடிக்காமல் விட ஏலுமே?" மூத்தவன் தலையை நிமிர்த்தி, "அம்மா, பாலிக் காம்போங் என்றால் எங்க?" என்று கேட்டான். பெருநாளுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போகிறார்களே, நாம் எங்கே போவது என்பது அவன் கணக்கு. அம்மா கணக்கைப் பார்க்கச் சொல்லி அதட்டினார்.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்க வாயெடுத்தேன். பதில் படியேறி வந்தது. கீழே பூக்கடை வைத்திருக்கும் அம்மா, அறுபது வயதிருக்கும், கையில் டிஎன்பி கரண்டு பில்லோடு மூச்சு வாங்க நின்றார். நம் தோட்டத்து ஆள், காப்பார் பக்கம். வீட்டு அக்ரிமென்ட், கரண்டு, தண்ணி எல்லாம் அவர் ஐசியில்தான் ஓடுகிறது. இந்தப் பெண் சாயங்காலத்தில் அவர் கடையில் சரம் கட்டிக் கொடுக்கிறார்.

"இந்த மாசம் கரண்டு ஏறிப்போச்சு. அந்த எதிர் ரூம்காரன்கிட்ட ஃபேனை நிறுத்தச் சொல்லு தங்கம்" என்றவர், அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

ஊர்வலம், கூட்டம் எதற்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். கடையை யார் பார்ப்பது என்றார். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்றதற்கு, பதில் சொல்ல ஒன்றுமில்லாததுபோல என்னைப் பார்த்தார். "பிள்ளத்தாச்சியா வந்து நின்னுச்சு. மழை வேற. எங்க போகும்?"

பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொன்னதும் முகம் மாறியது. பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "என் பேரு, கடைப் பேரு, லோரோங் நம்பர் ஒண்ணும் போட்டுறாதீங்க சார். பில்லெல்லாம் என் பேர்ல இருக்கு" என்றார்.